கேட்டது நீங்க, சொல்றது நான்: டிவி3-க்கு எத்தனை முதலாளி?

போன இதழ்ல ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது "பழைய மெட்ரோவிஷன்தான் இன்னிக்கு நீங்க பாக்குற 8டிவி"ன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டேன், அதாவது தொண்ணூறுகள்ல மூடிப்போன ஒரு தனியார் ஸ்டேஷன்தான் பேரு மாறி வந்துச்சுன்னு. அந்த ஒரு வரிக்கு வந்த வாட்ஸ்அப் இருக்கே, பெட்ரோல் வெலை ஏறுனப்பகூட இவ்ளோ வரல. சரி, இந்தத் தடவ முழுக்க நம்ம மலேசியா டிவி கேள்விதான். ஈபிஎஃப் பணம், மாமியார் பிரச்சினை எல்லாம் கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கேள்வி (செந்தூல் வாசகி): டிவி3 கவர்மெண்ட் டிவின்னு என் வீட்டுக்காரர் சொல்றாரு. ப்ரைவேட்னு நான் சொல்றேன். யார் சொல்றது சரி?

பதில்: பேப்பர்ல பாத்தா நீங்க ஜெயிச்சுட்டீங்க. ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இன்னி வரைக்கும் டிவி3 ஒரு கம்பெனிதான், அரசாங்க டிவி ஆர்டிஎம் இருக்கிற அங்காசாபுரிக்கும் அதுக்கும் சம்பந்தம் கெடையாது. ஆனா உங்க வீட்டுக்காரர ஒரேடியா மட்டம் தட்டிடாதீங்க, அந்தக் கம்பெனிய யார் வெச்சிருந்தாங்கன்னு பாத்தா அவர் பேச்சுலயும் விஷயம் இருக்கு.

மொதல்லேர்ந்து சொல்றேன். நம்ம நாட்டுல டிவி வந்தது 1963 டிசம்பர் 28, ஜாலான் அம்பாங்ல இருக்கிற துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்துலேர்ந்து, துங்குவே வந்து தொடங்கி வெச்சாரு. 1969-ல அங்காசாபுரிக்குப் போனாங்க, அதே வருஷம் ரெண்டாவது சேனலும் வந்துச்சு, கலர் வந்தது 1978 கடைசியிலதான். அப்படியே இருவது வருஷம் அரசாங்க டிவி மட்டும்தான், அவங்க போடுறதப் பாக்கணும், புடிக்கலன்னா அணைச்சுட்டுப் படுக்கணும். அதுக்கும் வருஷத்துக்கு 24 வெள்ளி (ரிங்கிட்) லைசன்ஸ் கட்டணும், அத 1999-லதான் எடுத்தாங்க.

1983-ல பிரதமர் மகாதீர் தனியார்மயம், தனியார்மயம்னு பேச ஆரம்பிச்சாரு, அதுல மொத வரிசையில வந்ததுதான் டிவி3. 1984 ஜூன் 1 ஒளிபரப்பு ஆரம்பம். கம்பெனி பேரு சிஸ்தம் தெலிவிஷென் மலேசியா பெர்ஹாட். ஆரம்பத்துல கிள்ளான் பள்ளத்தாக்குல மட்டும்தான் தெரியும், வடக்க இருக்கிறவங்க எல்லாம் காத்திருந்துதான் பாத்தாங்க. இப்ப லைசன்ஸ் யார் கைக்குப் போச்சுன்னு பாருங்க, அங்கதான் உங்க வீட்டுக்காரர் பாயிண்டு வருது. பெரிய பங்கு ஃப்ளீட் குரூப்புக்கு. ஃப்ளீட்னா ஆளுங்கட்சியா இருந்த அம்னோவோட முதலீட்டுக் கம்பெனி, நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பேப்பரும் அவங்க கையிலதான் இருந்துச்சு. அந்த ஃப்ளீட்ட நடத்திட்டு இருந்தவர் டாயிம் ஜைனுடின், டிவி3 ஆரம்பிச்ச அடுத்த மாசமே நாட்டுக்கு நிதியமைச்சர் ஆனவர். உத்துசான் மெலாயு பேப்பர் கம்பெனிக்கும் ஒரு பங்கு. அதனால கவர்மெண்ட் டிவின்னு சொன்னா தப்பு, கவர்மெண்ட நடத்துற கட்சிக்கு வேண்டிய டிவின்னு சொன்னா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க.

1988-ல பங்குச் சந்தைக்கு வந்துச்சு, 1990-ல ஃப்ளீட்டோட சொத்தெல்லாம் ரெனோங்குங்கிற கம்பெனிக்குள்ள போச்சு, கூடவே டிவி3-யும் போச்சு. சட்டைப்பையில இருந்த காச கால்சட்டைப்பையில வெச்ச கதைதான். பாக்குற நமக்கு என்ன மாறுச்சு? ராத்திரி செய்தி அப்படியேதான் ஓடுச்சு.

ஒண்ணு மட்டும் ரெண்டு பேரும் ஒத்துக்கங்க. சண்ட அங்கயே முடிஞ்சுடும். டிவி3 வந்த அப்புறம்தான் ஆர்டிஎம்மும் கொஞ்சம் முழிச்சுக்கிச்சு. வெளம்பரம் கொடுக்கிறவனுக்கு வேற கடை இருக்குன்னு தெரிஞ்சா எல்லாரும் கல்லாவ தொடைச்சு வெக்கத்தான செய்வாங்க.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்): கேஎல் சென்ட்ரல் ரயில் ஸ்டேஷன் கட்டின கம்பெனிதான் ஒரு காலத்துல டிவி3-க்கும் முதலாளின்னு என் கூட்டாளி சொல்றான். கதை விடுறானா?

பதில்: கதை இல்ல, உங்க கூட்டாளிக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் குடுங்க. எம்ஆர்சிபி, அதாவது மலேசியன் ரிசோர்சஸ் கார்ப்பரேஷன். இந்தக் கம்பெனியோட பழைய பேரு பேராக் கார்பைட், பேராக்ல கார்பைட் தயாரிச்சுட்டு இருந்த கம்பெனி. அது எப்படி டிவிக்கு வந்துச்சுன்னுதான கேக்குறீங்க?

1993 ஆரம்பத்துல ரெனோங்குகிட்ட இருந்த நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பிரஸ் பங்கு 48 சதவீதம், டிவி3 பங்கு 43 சதவீதம், ரெண்டையும் சேத்து சுமார் 80 கோடி வெள்ளிக்கு வாங்குனாங்க. வாங்குனது யாருன்னா அந்த குரூப்புலயே வேல பாத்த நாலு பெரிய அதிகாரிங்க, ரியல்மைல்டுன்னு ஒரு சின்னக் கம்பெனி, அதுக்குக் கீழ எம்ஆர்சிபி, அது மூலமா. சம்பளம் வாங்குற நாலு பேரு 80 கோடி வெள்ளிக்குப் பேப்பரும் டிவியும் வாங்குறாங்கன்னா காசு எங்கேர்ந்து வரும்? எல்லாம் கடன்தான். அப்போ நிதியமைச்சர் அன்வார் இப்ராஹிம். அதே வருஷம் நவம்பர்ல, அம்னோ துணைத்தலைவரா இருந்த கஃபார் பாபா போட்டியிலேர்ந்து வெலகி அன்வார் அந்த எடத்துக்கு வந்தாரு. இந்த ரெண்டையும் சேத்துப் பேசாத ஆளே அப்ப கேஎல்ல இல்ல, அந்த நாலு பேரும் அன்வாருக்கு வேண்டியவங்கன்னுதான் ஊரே பேசிச்சு.

கடன்ல வாங்குன சொத்து காத்து நல்லா அடிக்கிற வரைக்கும் ஜோரா இருக்கும். 1997-ல ஆசியா முழுக்கப் பணநெருக்கடி வந்துச்சு, வட்டி ஏறுச்சு, ஷேர் விழுந்துச்சு, வெளம்பரம் கொடுத்தவனெல்லாம் கைய இழுத்துக்கிட்டான். எம்ஆர்சிபி தலைமேல கடன், டிவி3 தலைமேல தனியா ஒரு கடன். அதே நேரத்துல எம்ஆர்சிபி உங்க ஊரு பழைய ரயில் யார்டுல கேஎல் சென்ட்ரல் வேற கட்டிக்கிட்டு இருந்துச்சு, அது 2001-ல தொறந்துச்சு. ரெண்டையும் ஒண்ணா இழுக்க முடியாதுன்னு ஆனப்பதான் பேப்பரையும் டிவியையும் தனியா கழட்டி, 2003-ல மீடியா பிரிமான்னு புதுக் கம்பெனி பண்ணி, டிவி3-யோட எடத்துல அத பங்குச் சந்தையில ஏத்துனாங்க. எம்ஆர்சிபி மறுபடி கட்டடம் கட்டுற கம்பெனி ஆயிடுச்சு.

நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதுதான். நம்ம ஊரு டிவி ஸ்டேஷன் கை மாறுனதுல முக்காவாசி நிகழ்ச்சி நல்லா இல்லன்னு இல்ல. மேல இருக்கிறவனோட கடன், இல்லன்னா மேல இருக்கிறவனோட அரசியல். டிவி3-ய ஜனங்க நல்லாத்தான் பாத்துட்டு இருந்தாங்க, ஆனா பாத்தவங்களுக்கும் வித்ததுக்கும் சம்பந்தமே இல்ல.

கேள்வி (கிள்ளான் வாசகர்): எங்கப்பா மைக்கா ஷேர் வாங்கி வெச்சிருந்தாரு. மைக்காவுக்கு டிவி3-லயும் பங்கு இருந்துச்சாமே, அந்தக் காசெல்லாம் எங்க சார் போச்சு?

பதில்: நீங்க கேட்டதுமே எனக்கு வயித்தெரிச்சல். ஆமாங்க, இருந்துச்சு. டிவி3 ஆரம்பப் பங்குதாரர் பட்டியல்லயே மைக்கா ஹோல்டிங்ஸ் பேரு உண்டு. அதுமட்டுமில்ல, பின்னால 1995-ல மெகா டிவிங்கிற கட்டண டிவி வந்தப்ப அதுலயும் மைக்காவோட துணைக் கம்பெனி ஒண்ணு மூலமா சின்னப் பங்கு.

இளசுங்களுக்குத் தெரியாது, சொல்லிடுறேன். மைக்காங்கிறது நம்ம இந்தியர் கட்சியான ம.இ.கா 1982-ல ஆரம்பிச்ச முதலீட்டுக் கம்பெனி, இந்தியர்களுக்கு நாட்டுப் பொருளாதாரத்துல ஒரு பங்கு வேணும்னு சொல்லி. சுமார் 66,000 பேர் காசு போட்டாங்க, மொத்தம் 10 கோடியே 60 லட்சம் வெள்ளி. தோட்டத்துல பால்மரம் சீவுனவங்க, ரயில்வேல கொடி காட்டுனவங்க, தாலிய தவிர மத்ததையெல்லாம் அடகுக் கடையில வெச்சுப் போட்டவங்க எல்லாம் அதுல உண்டு. மைக்கா வாங்கி வெச்ச பங்குப் பட்டியல்ல டிவி3 மாதிரி நல்ல சரக்கும் இருந்துச்சுங்கிறதுதான் கொடும. நாட்டுல இருந்த ஒரே ப்ரைவேட் டிவியில நமக்குப் பங்கு, பதினோரு வருஷத்துக்கு அதுக்குப் போட்டியே கெடையாது, அத கெட்டியாப் புடிச்சுட்டு உக்காந்திருந்தாலே உங்கப்பா பேரு சொல்லியிருப்பீங்க.

கடைசியில 2010-ல வேற ஒரு குரூப் வந்து ஒரு வெள்ளி ஷேருக்கு 80 சென் கொடுத்து எடுத்துக்கிட்டாங்க. கால் நூற்றாண்டுக்கு மேல தூங்குன காசு, போட்டதுலயே 20 சென் கம்மி. உங்கப்பா அந்த ஷேர் சர்டிபிகேட்ட மாத்தலன்னா பத்திரமா வெச்சிருங்க, பேரப்புள்ளைங்களுக்குக் காட்டலாம்.

கேள்வி (பெட்டாலிங் ஜெயா வாசகி): மெட்ரோவிஷன் செத்துப்போன ஸ்டேஷன்தானே, அது எப்படி 8டிவியா எழுந்து வரும்? புதுசா லைசன்ஸ் வாங்கிக்க மாட்டாங்களா?

பதில்: ஸ்டேஷன்னா நம்ம கண்ணுக்குத் தெரியறது லோகோவும் நியூஸ் வாசிக்கிற அக்காவும். ஆனா வாங்குறவன் கண்ணுக்குத் தெரியறது வேற, லைசன்ஸும் அலைவரிசையும். கேமரா எங்க வேணும்னாலும் வாங்கலாம், ஆளுங்களையும் பக்கத்துக் கடையிலேர்ந்து இழுத்துக்கலாம், ஆனா வானத்துல எடம் கொஞ்சம்தான், அத யாருக்கும் சுலபமா கொடுக்க மாட்டாங்க. அதனால மூடிக் கெடந்த ஸ்டேஷனுக்கும் வெல உண்டு.

மெட்ரோவிஷன் வந்தது 1995 ஜூலை 1. சிட்டி டெலிவிஷன்னு கம்பெனி, அதுல பெரிய ஆளு மெலேவார் குரூப், நெகிரி செம்பிலான் அரச குடும்பத்து துங்கு அப்துல்லாவோடது, உத்துசானும் கூட்டு. டிவி3 மாதிரி நாடு முழுக்க இல்ல, நம்ம கிள்ளான் பள்ளத்தாக்குதான் அதோட ஊரு. அதனால கேஎல்காரங்களுக்கு ஞாபகம் இருக்கு, பினாங்குல கேட்டா "அது என்ன"ம்பாங்க. நல்ல யோசனைதான், ஒரு நகரத்துக்குன்னு ஒரு ஸ்டேஷன். ஆனா வந்த நேரம் சரியில்ல, ஒரு பக்கம் அதே வருஷம் மெகா டிவி, அடுத்த வருஷம் செயற்கைக்கோள் டிவி ஆஸ்ட்ரோ, அதுக்கடுத்த வருஷம் பொருளாதாரமே படுத்துடுச்சு, ஒரே ஊரு வெளம்பரத்த நம்பி இருக்கிற ஸ்டேஷன் எத்தன நாளு மூச்சுப் புடிக்கும். 1999 நவம்பர் 1 அணைச்சுட்டாங்க.

நாலு வருஷத்துக்கு மேல வெறும் திரை. அப்புறம் மீடியா பிரிமா அத எடுத்து 2004 ஜனவரி 8-ல 8டிவின்னு தொறந்தாங்க, இளசுங்களுக்கும் சீனர்களுக்கும்னு. கம்பெனி பேர பாருங்க, மெட்ரோபாலிட்டன் டிவி, பழைய வாசனை இன்னும் ஒட்டிட்டு இருக்கு. அந்த மொத வருஷமே மலேசியன் ஐடல் போட்டி வந்துச்சு, ஜெயிச்சது நம்ம ஜாக்லின் விக்டர். அன்னிக்கு ராத்திரி செந்தூல்லயும் பிரிக்பீல்ட்ஸ்லயும் 8டிவி பாக்காத வீடு இருந்திருக்காது.

கேள்வி (செராஸ் வாசகர்): மெகா டிவி ஞாபகம் இருக்கா பாஸ்? கூரைமேல கட்டுன அந்த ஏரியல் இன்னும் எங்க மாமா வீட்டுல இருக்கு.

பதில்: கழட்டாதீங்க, காக்கா உக்காரட்டும். 1995 நவம்பர்ல வந்த நாட்டோட மொத கட்டண டிவி, டிவி3-க்கு அதுல பெரிய பங்கு, நிதியமைச்சுக்கும் பங்கு. மைக்ரோவேவ் அலையில அனுப்புவாங்க, ஏரியல் டவர நேராப் பாக்கணும், நடுவுல ஒரு கட்டடம் எழும்புனா போச்சு. கேஎல்ல தொண்ணூறுகள்ல கட்டடம் எழும்பாத தெரு எது சொல்லுங்க. ஆரம்பத்துல அஞ்சு சேனல். ஏழு மாசம் கழிச்சு ஆஸ்ட்ரோ 22 சேனலோட வந்து நின்னுச்சு. அப்புறம் என்ன, 2001-ல கடைய சாத்துனாங்க. அதுல போட்ட காசும் டிவி3 தலைமேலதான் வந்து விழுந்துச்சு.

கேள்வி (பட்டர்வொர்த் வாசகி): என்டிவி7 எனக்கு ரொம்பப் புடிக்கும். அத ஏன் பள்ளிக்கூடம் ஆக்குனாங்க?

பதில்: என்டிவி7 1998 ஏப்ரல் 7-ல வந்துச்சு, அதாவது நெருக்கடி உச்சத்துல இருக்கும்போது. ஆரம்பிச்சவர் சரவாக்காரர் எஃபெண்டி நோர்வாவி, அடுத்த வருஷக் கடைசியில விவசாய அமைச்சர் ஆனாரு. பாத்தீங்களா, நம்ம நாட்டுல டிவி வெச்சிருக்கிறவங்களுக்கும் அமைச்சர் நாற்காலிக்கும் நடுவுல தூரம் ரொம்பக் கம்மி. 2005-ல மீடியா பிரிமா வாங்குச்சு. அதுக்கு முன்னால 2003 செப்டம்பர்ல வந்த சேனல் 9-னு ஒண்ணு 2005 பிப்ரவரிலயே நின்னுபோச்சு, அதையும் எடுத்து 2006 ஏப்ரல்ல டிவி9 ஆக்குனாங்க. அதோட டிவி3, 8டிவி, என்டிவி7, டிவி9 நாலும் ஒரே வீட்டுப் புள்ளைங்க. இலவசமாப் பாக்குற ப்ரைவேட் டிவிக்குள்ள போட்டிங்கிறதே முடிஞ்சுபோச்சு, கடைக்காரர் எந்தச் சேனல்ல வெளம்பரம் போட்டாலும் ரசீது ஒரே எடத்துலேர்ந்துதான் வரும்.

நாலு புள்ளைய வெச்சிருக்கிற வீட்டுல கஷ்டம் வந்தா ஒருத்தன வேற வேலைக்கு அனுப்புறதுதான. கோவிட் வந்து பள்ளிக்கூடமெல்லாம் மூடிக் கெடந்தப்ப, 2021 பிப்ரவரி 17-லேர்ந்து கல்வியமைச்சோட சேந்து என்டிவி7-ல டிடிக் டிவின்னு பாடம் போட்டாங்க. வீட்டுல இன்டர்நெட் இல்லாத புள்ளைங்களுக்கு அது நெசமாவே ஒதவுச்சு, அதுல எனக்குக் கொறை இல்ல. ஆனா உங்கள மாதிரி சாயந்தரம் கால நீட்டி உக்காந்து பாத்தவங்ககிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கல.

கேள்வி (காஜாங் வாசகர்): ஆப்பிரிக்காவுல டிவி3 இருக்காமே, நெசமா?

பதில்: நெசம். கானா நாட்டுல 1997-ல நம்ம டிவி3 போய் ஆரம்பிச்சது. அப்புறம் மீடியா பிரிமா வித்துட்டாங்க, ஆனா அங்க டிவி3 பேர மாத்தல.

கேள்வி (ரவாங் வாசகி): மழை வந்தா ஆஸ்ட்ரோ போயிடுது. இவ்ளோ காசு வாங்குறாங்க, இதக்கூட சரி பண்ண மாட்டாங்களா? ஆனந்த கிருஷ்ணன் இருந்தப்பவும் இப்படித்தானே?

பதில்: இருந்தப்பவும் அப்படித்தான், இல்லாதப்பவும் அப்படித்தான், மழைக்கு முதலாளி கெடையாது. ஆஸ்ட்ரோ வர்ற கேயூ பேண்ட் அலை ரொம்பச் சின்ன அலை, கனமழையில தண்ணித் துளியே அத முழுங்கிடும். பெரிய டிஷ் வெச்சா கொஞ்சம் தாங்கும், ஆனா வீட்டுக்கு வீடு மாட்டணும்னா சின்ன டிஷ்தான் கட்டுப்படியாகும். ஆப்பிரிக்காவுலயும் இந்தியாவுலயும் இதே கதைதான். டிஷ் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் லேசான தூத்தலுக்கே போயிடும், அப்படின்னா ஆள கூப்பிட்டு சரி பண்ணுங்க.

ஆஸ்ட்ரோ முதலாளி ஆனந்த கிருஷ்ணன் கதைய ஒரு பாராவுல சொல்லிடுறேன், ஏன்னா எட்டுப் பேர் கேட்டா அதுல அஞ்சு பேர் அவரப் பத்தித்தான் கேக்குறீங்க. 1938-ல பிரிக்பீல்ட்ஸ்ல பொறந்தவர், யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம், விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில படிச்சு அப்புறம் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன், மெல்போர்ன், ஹார்வர்ட்னு போனவர். 1996 ஜனவரியில மியாசாட் 1 செயற்கைக்கோள பிரெஞ்சு கயானாவுலேர்ந்து ஏவுனாங்க, ஜூன் 1-ல புக்கிட் ஜாலில்லேர்ந்து ஆஸ்ட்ரோ ஆரம்பம். டிவி3 பொறந்தநாளும் அதே ஜூன் 1-தான். செயற்கைக்கோள் டிவிக்கு அவங்களுக்கு மட்டும்தான் உரிமைன்னு 2017 வரைக்கும் லைசன்ஸ், வேற யாரும் உள்ளயே வர முடியாது. 2003-ல பங்குச் சந்தை, 2010-ல ஒரு ஷேர் 4.30 வெள்ளின்னு திருப்பி வாங்கி சந்தையிலேர்ந்து எடுத்தாரு, 2012-ல 3 வெள்ளிக்கு மறுபடி சந்தைக்கு விட்டாரு. 2012-ல 3 வெள்ளிக்கு வாங்கி வெச்சவங்க யாராச்சும் இதப் படிச்சா மன்னிச்சுக்கங்க, அந்த ஷேர் இப்போ சென் கணக்குல நிக்குது. 2024 நவம்பர் 28-ல அவர் காலமானாரு. பேட்டி கொடுக்கவே மாட்டாரு, அவ்ளோ பெரிய டிவி வெச்சிருந்தும் அந்த டிவியில அவர் மொகத்த பாத்தவங்க அபூர்வம்.

ஆஸ்ட்ரோ கதையில கடன் அரசியல் எல்லாத்தையும் தாண்டி இப்ப இன்டர்நெட்டுதான் அடிக்குது. மாசம் நூத்துக்கு மேல கட்டுறதுக்குப் பதிலா பையன் மொபைல்லயே பாத்துக்கிறான். 2012-ல மாசக் கட்டணம் இல்லாத என்ஜோய்னு ஒண்ணு விட்டாங்க, பாட்டி தாத்தா இருக்கிற வீட்டுல இன்னும் அதுதான் ஓடுது.

கேள்வி (ஜார்ஜ்டவுன் வாசகர்): இத்தன முதலாளி மாறுனாங்க, ஒருத்தராச்சும் முழுக்கத் தமிழ்ல ஒரு இலவச டிவி ஆரம்பிச்சாங்களா?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் காத்துட்டு இருந்தேன். இல்ல, காரணம் கூட்டல் கழித்தல்தான். நாட்டு மக்கள்ல இந்தியர் ஏழு சதவீதத்துக்கும் கொறைவு. இலவச டிவிக்குச் சோறு போடுறது வெளம்பரம், வெளம்பரம் கொடுக்கிறவன் எத்தன வீடு பாக்குதுன்னு எண்ணித்தான் காசு கொடுப்பான். அதனால தனியார் ஸ்டேஷன் நடத்துனவங்க சீன மொழிக்கு 8டிவிய ஒதுக்குனாங்க, மலாய் கிராமத்து வீடுங்களுக்கு டிவி9-ஐ ஒதுக்குனாங்க, நமக்குத் தீபாவளி வாரத்துல வாழ்த்து. கட்டண டிவிக்குக் கணக்கு வேற, அவனுக்கு எத்தன பேர் பாக்குறாங்கன்னு கவல இல்ல, எத்தன வீடு மாசாமாசம் கட்டுதுன்னுதான். தமிழ் வீடுங்க சீரியலுக்கும் சினிமாவுக்கும் கட்டத் தயார்னு ஆனந்த கிருஷ்ணன் ஆளுங்களுக்கு மொதல்லயே புரிஞ்சுடுச்சு, அதான் ஆஸ்ட்ரோ வானவில், சன் டிவி எல்லாம்.

இதுல நல்லதும் நடந்துச்சு, இங்கயே படம் புடிக்கிற, பாடுற, நடிக்கிற நம்ம புள்ளைங்களுக்கு வானவில் ஒரு மேடை கொடுத்துச்சு, அத மறைக்கக் கூடாது. ஆனா காசு கட்டுனாத்தான் வீட்டுல தமிழ் கேக்கும்னு ஒரு நெலம வந்துடுச்சே, அது எனக்குப் புடிக்கல. இலவசமா நமக்குன்னு நின்னது ஆர்டிஎம்தான். டிவி2-ல தமிழ்ச் செய்தி, கொஞ்சம் நாடகம், படம், அந்தப் பக்கம் மின்னல் எஃப்எம். பெர்னாமா டிவியிலயும் தமிழ்ச் செய்தி வருது. எல்லாரும் ஆர்டிஎம்ம கிண்டல் பண்ணுவோம், செட்டு பழசு, சட்ட பழசுன்னு. ஆனா லாபக் கணக்கு பாக்காத ஒரே எடம் அதுங்கிறதாலதான் அந்தத் தமிழ்ச் செய்தி இன்னும் உசுரோட இருக்கு. ப்ரைவேட் முதலாளியா இருந்தா மொத நெருக்கடியிலயே அத வெட்டியிருப்பான்.

கேள்வி (அம்பாங் வாசகர்): சரி, இப்ப டிவி3 யார் கையில? ஆட்சி மாறுனப்ப அதுவும் மாறுச்சா?

பதில்: 2018 மே தேர்தல்ல அம்னோ இருக்கிற தேசிய முன்னணி தோத்துச்சு. அது வரைக்கும் மீடியா பிரிமாவுல அம்னோவுக்கு வேண்டிய கம்பெனிங்க பங்கு வெச்சிருந்தாங்க. கட்சி கையில ஆட்சி இல்லன்னா அந்தப் பங்க வெச்சு என்ன பண்றது, காசுக்கும் முடை. 2019-ல அவுரோரா மூலியான்னு ஒரு கம்பெனி 30 சதவீதத்துக்கு மேல பங்கு சேத்துச்சு, அதுக்குப் பின்னால இருக்கிறவர் டான்ஸ்ரீ சையத் மொக்தார் அல்புகாரி. 2019 அக்டோபர்ல மூடுன உத்துசான் பேப்பரும் அவர் பக்கம் வந்து 2020-ல திரும்ப அச்சுக்குப் போச்சு. நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், பெரித்தா ஹரியான் எல்லாம் மீடியா பிரிமாவுக்குள்ளயே இருக்கு.

இதுல யாரும் அதிகம் பேசாத ஒண்ணு சொல்றேன். 2019-ல பழைய அனலாக் டிவிய நாடு முழுக்க நிறுத்தி டிஜிட்டலுக்கு மாத்துனாங்கல்ல, லங்காவியில ஆரம்பிச்சு அக்டோபர் 31-ல முடிஞ்சுது. அதோட டவர், சிக்னல் எல்லாத்தையும் நடத்துறது மைடிவி. மைடிவிய வெச்சிருக்கிற புஞ்சாக் செமங்காத்தும் அதே சையத் மொக்தாரோட தொடர்புள்ளதுதான். அதாவது முன்னால டிவி3 தன் டவர்லேர்ந்து தானே அனுப்புச்சு, ஆர்டிஎம் தன் டவர்லேர்ந்து. இப்ப எல்லா சேனலும், அரசாங்க சேனல் உட்பட, ஒரே குழாய் வழியா வருது. நிகழ்ச்சி வெச்சிருக்கிறவரும் குழாய் வெச்சிருக்கிறவரும் ஒருத்தரா இருக்கலாமான்னு பார்லிமெண்டுல கேக்க வேண்டிய கேள்வி, நம்ம கேள்வி பதில் பக்கத்துல வந்து நிக்குது.

கேள்வி (பாலிக் புலாவ் வாசகர்): அனலாக்கு நின்னதுலேர்ந்து எங்க வீட்டுல ஒரு சேனல் வந்தா ஒரு சேனல் வரமாட்டேங்குது. பாக்ஸ் மாத்துனேன், டிவி மாத்துனேன். உங்க முதலாளி கதையெல்லாம் அப்புறம், இதுக்கு வழி சொல்லுங்க.

பதில்: பாக்ஸு, டிவி ரெண்டையும் மாத்துனீங்க, ஏரியல விட்டுட்டீங்களே அண்ணே. வடக்குல பெரிய டவர் குனோங் ஜெராய்ல இருக்கு. ஜார்ஜ்டவுன், பட்டர்வொர்த்காரங்களுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் அது நேரா தெரியும். உங்களுக்கும் அதுக்கும் நடுவுல புக்கிட் பெண்டேரா மலை உக்காந்திருக்கு. பழைய அனலாக்குல சிக்னல் கொறைஞ்சா பனி பெய்யுற மாதிரி தெரிஞ்சாலும் படம்னு ஒண்ணு வரும், டிஜிட்டல்ல அந்தப் பேச்சே இல்ல, வந்தா முழுசா வரும் இல்லன்னா துண்டு துண்டா நிக்கும். வீட்டுக்குள்ள வெக்கிற சின்ன ஏரியல தூக்கிப் போட்டுட்டு கூரைமேல யுஎச்எஃப் ஏரியல் மாட்டுங்க. மொதல்ல உங்க தெருவுல நல்லாத் தெரியற வீட்டு ஏரியல் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு பாருங்க, அதே பக்கம் திருப்பி வெச்சு பாக்ஸ்ல ஆட்டோ ஸ்கேன் மறுபடி ஓட்டுங்க. புது டிவில டிஜிட்டல் டியூனர் உள்ளயே இருக்கும், அப்படின்னா பாக்ஸே வேணாம். அப்பவும் வரலன்னா என்ஜோய் டிஷ் மாட்டுங்க, அது வானத்தப் பாக்குறது, மலை மறைக்காது. மழை வந்தா மட்டும் ரவாங் வாசகிக்குச் சொன்னதப் படிச்சுக்கங்க.